கடைசியில் பேசுகிறவர்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்து. எனக்கு முன்னால் இருந்த இருவரும் சென்னீர்குப்பத்துக்கு டிக்கெட் வாங்கினார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியவர், செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராம்.

"லீடர்னா கடைசியாத்தான் வாயத் தொறக்கணும் மாமே. ட்ரெயினிங்ல சொன்னாங்க."

"நல்லதுதானே," என்றார் நண்பர்.

"நல்லதுதான். ஆனா எல்லா சூப்பர்வைசரும் ட்ரெயினிங் போயிட்டோம். இன்னிக்கு மீட்டிங். ஐஸ்கிரீம் லாரி வாசல்ல நிக்குது, கூலிங் ரூம் ரிப்பேரு. எங்க எறக்கறதுன்னு ஒருத்தனும் பேசல."

"நீ பேச வேண்டியதுதானே?"

"மொதல்ல பேசினா நான் லீடர் இல்லன்னு ஆயிடும். ப்ரமோஷன் வர்ற நேரம்."

"மேனேஜர் இன்னா பண்ணாரு?"

"அவரும் ட்ரெயினிங் வந்தவருதான். எங்க மூஞ்சியவே பாத்துகினு இருந்தாரு."

"ஐஸ்கிரீம்?"

"வாசல்லேர்ந்து ரோடு வரிக்கும் ஓடிச்சி."

பேருந்து நின்றது. "சென்னீர்குப்பம் யார்னா கீறீங்களா?" என்று நடத்துநர் குரல் கொடுத்தார்.

அட்டைக்காரர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நண்பரின் முகத்தைப் பார்த்தார். நண்பரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நடத்துநர் விசில் ஊதினார். பேருந்து கிளம்பியது.