அந்த விரிசலை மட்டும் விட்டுரு

ஏணிய அப்படியே சாத்தி வை தம்பி, பறந்துடாது. சிமெண்ட் கரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடி. ரேடியோவுல இந்த வருஷம் நல்ல மழைன்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லுச்சே, கேட்டியா? என் மருமகதான் அது. அட, நெசமாத்தான்.

மேகத்தைப் பாத்தெல்லாம் சொல்றதில்லப்பா, கடலைப் பாத்துச் சொல்றது. அப்படிச் சொன்னது என் புருஷன். வானத்தை அண்ணாந்து பாத்துட்டு, குடையெல்லாம் எதுக்குடின்னாரு. எங்கக்கா மக கல்யாணத்துல தொப்பலா நனஞ்சு போய் நிக்கிறேன், பொண்ண விட்டுட்டு எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க.

எங்க விட்டேன்? ஆங், கடலு. கடல் முழுக்க ஒரே சூடு கிடையாதாம். நம்ம பக்கம் சூடேறுச்சுன்னா காத்து மேல எழும்பி, மேகம் கூடி, இங்க கொட்டுமாம். அந்தச் சூடு அக்கரைப் பக்கம் நகந்துட்டா மேகமும் பின்னாடியே போயிருமாம். போன வருஷம் காஞ்சு கெடந்தோமே, அதான்.

எப்படித் தெரியுமா? நடுக்கடல்ல மிதவை போட்டு வெச்சிருக்காங்கல்ல. தண்ணி எவ்வளவு சூடுன்னு அது அனுப்பிட்டே இருக்கும், இவ கம்ப்யூட்டர்ல கோடா வரும். அது கெட்டுப்போனா கப்பல்ல போய் சரி பண்றது என் மகன் வேலை. அவன் சரி பண்ணுவான், இவ படிப்பா. அப்படிப் பழகித்தான் கட்டிக்கிட்டதுங்க.

அவன் ஒரு குறும்பு பண்ணுவான். வேலை முடிஞ்சதும் அந்தச் சூடு பாக்கிற கருவிய உள்ளங்கைல பொத்திப் பிடிப்பானாம். இவ கோடு குபுக்குன்னு ஏறும். தண்ணிக்கு அவ்வளவு சூடு ஏது? நான் நல்லாருக்கேன்னு அவன் சொல்றதா அர்த்தம். இவ சிரிச்சிட்டு சாப்பிடப் போவா.

அன்னைக்கும் கோடு ஏறுச்சு. இவளும் சாப்பிடப் போனா. அதுக்கப்புறம்தான் அவனை அலை தூக்கிடுச்சாம்.

இல்ல தம்பி. உடம்புகூடக் கிடைக்கல. போன வருஷம்.

நீ தண்ணியக் குடி. இந்த வருஷம் கடலே சூடு. அதே மிதவை, கோடு தெனமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. அதைப் பாத்துக்கிட்டே நல்ல மழைன்னு எழுதணும், ரேடியோவுல படிக்கணும். தெருவுல ஒருத்தன் கும்பிட்டு, உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்மான்னு சொல்றான்.

வீட்டுல அவ ஒரு சொட்டு கண்ணீர் விட்டு நான் பாத்ததில்ல. கல்லுன்னு என் நாத்தனாரே சொன்னா.

அந்த விரிசலுக்குக் கீழ இருக்கிற ரூம்லயா? அவதான் படுக்கிறா. விரிசல் சரியா அவ தலைமாட்டுக்கு மேல. கட்டிலை நகத்தலாமேன்னு நானும் கேட்டேன். இருக்கட்டும் அத்தைன்னுட்டா. காலையில தலகாணிய வெயில்ல போடுவா. ராத்திரி ஒழுகிருச்சு அத்தைம்பா. ஆமாம்மா, பாழாப்போன விரிசல்னு நானும் சொல்லுவேன்.

அதான் தம்பி, மாடில மத்த எடமெல்லாம் பூசிக்க. இதை மட்டும் விட்டுரு. ஓனர் கேட்டா நான் பேசிக்கறேன்.

மேல ஏறிப் பாத்தேல்ல, எலும்பாட்டம் காஞ்சுதானே கெடக்கு? பொட்டு மழை இல்லியே இன்னும். எனக்குத் தெரியாதா என்ன?

நீ பாட்டுக்கு அதைப் பூசிட்டுப் போயிட்டா, காலையில அந்தப் புள்ள எங்கிட்ட என்னத்தச் சொல்லும்?