பாட்டு நின்ற நேரங்கள்

அந்தப் பாட்டுப் பெட்டியை நான் கேட்டு வாங்கவில்லை, ஐயா. கனடாவில் இருக்கும் என் தங்கை சுவர்ணா போன வருடம் வந்தபோது சொக்கலேட், சவர்க்காரத்தோடு அதையும் கொண்டுவந்தாள். அரைத் தேங்காய் அளவுதான் இருக்கும். வாயால் கேட்டால் பாட்டுப் போடும். ஒரு பாட்டு முடிந்தால் தானே அதைப்போல இன்னொன்றைத் தேடிப் போடும். நாங்களாக நிற்பாட்டும்வரைக்கும் ஓயாது. என் மகள் சாருஜா அதை என் போனிலும் தன் போனிலும் இணைத்துவிட்டு, பின் அறையில் தம்பிராசா அத்தானின் தலைமாட்டில் வைத்தாள்.

தம்பிராசா அத்தான் என் கணவரின் தமையன். கலியாணம் கட்டாதவர். தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். என் கணவர் செத்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் தாங்கினவர் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "ஸ்டொப்" என்ற ஒரு சொல்லை மட்டும் பெட்டிக்கு விளங்குமளவுக்குச் சொல்லப் பழகிக்கொண்டார். அதை வைத்துச் சாருஜா ஒரு ஒழுங்கு செய்தாள். பகல் முழுக்க நாதஸ்வரம் ஓடும். தண்ணீரோ வேறெதுவோ தேவையென்றால் அவர் பாட்டை நிற்பாட்டுவார். சத்தம் நின்றால், அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போவேன். ஒருநாளும் தவறவில்லை. உரும்பிராயில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாருஜாவுக்கு வயது முப்பத்தாறு. ஆறு வருடத்துக்கு முன் சுவிஸில் ஒரு சம்பந்தம் முற்றாகி, மண்டபமும் எடுத்த பிறகு என் மாமியார் மோசம் போனார். சாவு விழுந்ததால் வீடு துடக்கானது, நல்ல காரியம் செய்யக்கூடாது. முப்பத்தொரு நாள் கழிவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிட்டது. போனவர் அடுத்த வருடம் வேறு இடத்தில் கட்டினார். சாருஜா ஒரு மாதம் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு கதைத்தாள். சிரிக்கத்தான் இல்லை.

இந்த முறை வந்தவர் கோபிசங்கர். நோர்வேயில் இருந்து மூன்று கிழமை லீவு. நல்ல பிள்ளை. தாய் அருந்ததிதான், பூனை குறுக்கே போனால் வாகனத்தை நிற்பாட்டி இறங்கி நிற்கிற ஆள். நாள் வைக்க வந்தபோதே பின் அறையை எட்டிப் பார்த்தார்.

"கலியாணம் முடியுமட்டும் உவர் தாங்குவாரோ?"

"ஓம் ஓம். அவருக்கென்ன, கல்லுப்போல இருக்கிறார்."

பகிடியாகத்தான் கேட்டார். நானும் சிரித்துத்தான் சொன்னேன்.

கலியாணம் வெள்ளிக்கிழமை. வியாழன் காலை ஏழு மணிக்குப் பாட்டு நின்றது. போனேன். அத்தான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். வாயில் நுரை. கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் கண்டார். இரண்டாம் தரம் வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. முதல் தரமும் நான்தான் கண்டேன். அன்று அரை மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், பிழைத்தார்.

முற்றத்தில் பந்தல்காரர் நின்றார்கள். அம்புலன்ஸ் வந்தால் ஊர் அறியும். ஆஸ்பத்திரியில் பிழைத்தால் சரி, பிழைக்காவிட்டால் அருந்ததி கலியாணத்தை நிற்பாட்டுவார். காப்புக் கட்டினால் துடக்கில்லை என்று ஐயர் சொல்லக்கூடும். ஐயர் சொல்லி அருந்ததி கேட்கமாட்டார். இவ்வளவையும் யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. தலையணையை எடுத்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன். போர்வையால் மூடிவிட்டேன். வெளியே வந்து கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன். போனில் பாட்டைத் திரும்பப் போட்டேன்.

துடக்கு என்பது கேள்விப்பட்ட நேரத்தில் இருந்துதான். வெளிநாட்டில் ஒருவர் செத்துப் பத்து நாள் கழித்துச் செய்தி வந்தால், அதுவரைக்கும் நாங்கள் கோயிலுக்குப் போனது குற்றமில்லை. இது எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம். ஆகவே நான் கதவைத் திறக்கவில்லை. பார்க்காதவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. செத்த வீட்டில் பாட்டு ஓடாது என்பதால் மற்றவர்களும் ஒன்றும் நினைக்கவில்லை. பலகாரம் சுட வந்த பெண்கள், "அண்ணைக்கும் கலியாணச் சந்தோசம்தான்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அன்று பாட்டு ஒன்பது தரம் நின்றது. ஒன்பது தரமும் போட்டேன். சாருஜா தன் போனில் இருந்து எடுத்துத் தந்த பட்டியல் உங்கள் மேசையில் இருக்கிறது, நேரங்களை அதில் பாருங்கள். அந்தப் பெட்டி எல்லாவற்றையும் குறித்துவைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளி விடிய, சேலை உடுத்திப் பூவும் வைத்துக்கொண்டு சாருஜா பின் அறைக்கு வந்தாள்.

"அம்மா, திறப்பைத் தாங்கோ. பெரியப்பாவைக் கும்பிட்டிட்டுப் போறன்."

"இரவு முழுக்க நித்திரை இல்லை அவருக்கு. இப்பதான் கண்ணயர்ந்தவர். வெளியில நிண்டு கும்பிடு பிள்ளை."

"நாங்கள் போனால் ஆர் பாக்கிறது?"

"சின்னாச்சி அக்கா வாறன் எண்டவா."

பக்கத்து வீட்டுச் சின்னாச்சி அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. சாருஜா கதவடியில் விழுந்து கும்பிட்டாள். அவள் எழும்பும்போது பாட்டு நின்றது.

"பெரியப்பா கூப்பிடுறார், அம்மா."

"நீ வந்தது தெரிஞ்சு ஆசீர்வாதம் பண்ணத்தான் நிப்பாட்டினவர். வா, நேரம் போகுது."

அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். கண் மை கரைந்திருந்தது, நான்தான் துடைத்துவிட்டேன். வாகனத்தில் ஏறி இருந்ததும் போனில் பாட்டைப் போட்டேன். எங்கே இருந்தாலும் போடலாம், அது ஒரு வசதி.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. சொன்ன நேரத்துக்குத் தாலி ஏறியது. படம் எடுக்கிறவன் ஏதோ பகிடி விட, ஆறு வருடத்துக்குப் பிறகு என் மகள் பல் தெரியச் சிரித்தாள். பின்னேரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை நாலாஞ்சடங்குக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். அந்தச் சடங்கு முடிந்தால்தான் கலியாணம் முடிந்தது என்பது அருந்ததியின் கொள்கை.

சனிக்கிழமை பாட்டு ஒருதரமும் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. குசினியில் இருந்து சத்தமில்லாமல் அழுதேன். எங்களுக்காகத் தன் வாழ்க்கையைத் தேய்த்த மனிதர். அவருக்கு நான் கடைசிவரை நன்றியோடு இருக்கிறேன்.

திங்கட்கிழமை சடங்கு முடிந்து, சாப்பிட்டவர்கள் எல்லாரும் போன பிறகு கதவைத் திறந்தேன். உங்கள் ஆட்கள் முதலில் கேட்டபோது, அவர் வியாழக்கிழமையே போய்விட்டார், நான் சாவை மறைத்தது மட்டும்தான், கரண்ட் போய்ப்போய் வந்ததால் பாட்டு நின்றது என்று சொன்னேன். டாக்குத்தர் வேறு விதமாக எழுதியிருக்கிறார். பட்டியலும் வேறு விதமாக இருக்கிறது. சரியாக எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணி. சடங்குக்கு நான் தனியாகப் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், குசினியில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. போனும் என் பக்கத்திலேயே கிடந்தது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. திறப்பு என் இடுப்பில் இருந்தது. சடங்குக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. சட்டியில் கிடந்த பணியாரத்தை எடுத்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பாட்டைப் போட்டேன். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டினேன். அதன் பிறகு அது நிற்கவில்லை.

சாருஜா என்னைப் பார்க்க வரமாட்டாள் என்று சொன்னார்கள். பரவாயில்லை. அவளுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா. அவளுக்குத் தாலி ஏறியபோது எங்கள் வீட்டில் துடக்கு இருக்கவில்லை. பெரியப்பா உயிரோடுதான் இருந்தார்.