நாலு பத்துக்குப் புறப்பாடு

அலாரம் சரியாக நாலு பத்துக்கு அடித்தது. தூங்குகிற யானையை எழுப்புகிற சத்தம் அதற்கு. 'அப்பாவோட தீயணைப்பு வண்டி' என்பாள் என் மகள். நான் அதை அணைத்துவிட்டு வேனை ஸ்டார்ட் செய்தேன். பாறைப் பக்கம் திரும்பவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

நாலு பத்து என்றே எழுதிக்கொள்ளுங்கள் சார். உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் 'சுமார் நாலேகால்' என்று போட்டிருக்கிறார். நான் பேருந்துக் கழகத்தில் இருபத்தாறு வருடமாகக் கால அட்டவணை போடுகிறவன். எங்கள் பிரிவில் யாராவது 'சுமார்' என்று சொன்னால் மறுநாள் அவர் பழைய டிக்கெட் கட்டுகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருப்பார். நான் எதையும் மறைக்கப் போவதில்லை. எல்லாம் வரிசையாக வரவேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

கடலோரச் சாலையில் ஏழு நாள் வேன் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஆசைப்பட்டது என் மனைவி. ஆசைப்படுவதற்கு என்ன, வாயைத் திறந்தால் போதும். அதற்குத் திட்டம் போடுவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். அந்தக் கரை நேராக இருக்காது சார், பல் போன சீப்பு மாதிரி உள்ளே போய் வெளியே வரும். ஒவ்வொரு வளைவையும் நூல் வைத்து அளந்தேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மாமியாருக்கு வாந்தி வராது, எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டு, எத்தனை மணிக்குச் சூரியன் ஓட்டுகிறவன் கண்ணில் அடிக்கும், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும், எல்லாம் இருந்தது. சந்தேகமான இடங்களைப் போன மாதமே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு பக்கம். கடைசி மூன்று பக்கம் பின்னிணைப்பு: 'நேரமிருந்தால் பார்க்கலாம்' என்று முப்பத்தெட்டு இடங்கள்.

எங்கள் டிப்போவில் எதையும் தைத்துக் கட்டமாட்டோம். வளையம் வைத்த ஃபைல்தான். ஒரு தடம் மாறினால் அந்தத் தாளை மட்டும் உருவிவிட்டு வேறு தாளைச் செருகலாம். அதே முறையில் ஐந்து பிரதி எடுத்தேன். ஐந்திலும் எல்லாப் பக்கமும் இருந்தன. மனைவிக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, கல்லூரியில் படிக்கிற மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மச்சினனுக்கு ஒன்று.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக். எப்போது வேலைக்கு வருவான் என்பது ஏசிக்கும் தெரியாது, ஏசி வைத்திருக்கிறவருக்கும் தெரியாது. காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் மாலை போய் நிற்பான். ஆனாலும் போகிற வீட்டில் எல்லாம் அவனுக்கு டீ கொடுப்பார்கள். நான் எந்த வீட்டுக்கும் ஒரு நிமிடம் தாமதமாகப் போனதில்லை. எனக்கு யாரும் டீ கொடுத்த ஞாபகம் இல்லை.

ஃபைலைக் கொடுத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். மாமியார் அதை வாங்கி விசிறிக்கொண்டார். மகள் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"என்னங்க இது, நாம டூர் போறோமா, பரீட்சை எழுதப் போறோமா?" என்றாள் மனைவி.

மச்சினன் அவனுடைய பிரதியின் மேல் டீக் கோப்பையை வைத்தான். இதோ உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அந்த வட்டம்தான்.

"அத்தான், பாத்ரூமுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கீங்க?"

"ஆறு."

"எனக்கு மட்டும் ஏழா போட்டுக் கொடுங்க அத்தான், நான் கொஞ்சம் யோசிக்கிற ஆளு."

வீடே சிரித்தது. ஆறு என்பது தாராளம் சார். எங்கள் ஓட்டுநர்களுக்கு நாலுதான்.

முதல் நாள் புறப்பட்ட நாற்பதாவது கிலோமீட்டரில், "அத்தான், நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றான் மச்சினன். மலைச்சரிவின் நுனியில் ஒரு டீக்கடை. கீழே அலை வந்து மோத, தூவானம் டீக் கோப்பைக்குள் விழுந்தது. முப்பத்தைந்து நிமிடம் போயிற்று. இரண்டாம் நாள் படகு கட்டுகிற கூடம். அங்கே தச்சர்களோடு உட்கார்ந்து மாமியார் அவித்த முட்டை உரித்துச் சாப்பிட்டார். ஒரு மணி பத்து நிமிடம். மூன்றாம் நாள் கூழாங்கல் கரை, அலை திரும்பும்போது கல்லெல்லாம் கைதட்டுகிற மாதிரி சத்தம் போடும். ஐம்பது நிமிடம். போன நிமிடத்தை நான் எங்கிருந்து பிடிப்பது? என் திட்டத்தில்தான் கத்தரி வைக்கவேண்டும். கலங்கரை விளக்கம் போயிற்று. குகை வளைவு போயிற்று. மூன்று மாதம் நூல் பிடித்து அளந்தவன் நான். கண்ட இடத்தில் காலை நீட்டுகிறவன் அதை வெட்டிக்கொண்டே வந்தான்.

நாலாம் நாள் சாயங்காலம் விடுதி வராந்தாவில் மகள் போட்டோக்களைக் காட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு. என் காட்சிமுனைகளில் எடுத்தது ஒன்றே ஒன்று. அதிலும் கடல் இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற என் முதுகு இருந்தது. அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

"எம்புள்ள மட்டும் வரலேன்னா இந்த டூர் உப்புச்சப்பில்லாம போயிருக்கும்," என்றார் மாமியார். பிறகு நான் இருப்பது நினைவுக்கு வந்து, "மாப்பிள்ளையும் நல்லா ஓட்டறார்," என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கோபத்தில் அட்டவணை போட்டால் தப்பு வரும். ஒரு வண்டி தினமும் தாமதமானால் டிப்போவில் மூன்று வழி உண்டு. ஓட்டுநரை மாற்றலாம், தடத்தை மாற்றலாம், அந்த வண்டியையே தடத்திலிருந்து எடுத்துவிடலாம். ஓட்டுநர் நான். தடத்தை மூன்று மாதம் உட்கார்ந்து போட்டிருக்கிறேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு வேறு வழியும் மிச்சமில்லை.

ஐந்தாம் நாள் ஒற்றைப் பாறை. கரையிலிருந்து இருநூறு அடி தள்ளிக் கடலுக்குள் நிற்கும். நீர் வற்றும்போது ஒரு மணல்வழி தெரியும், நடந்து போகலாம். ஏறும்போது வழி மூழ்கிவிடும், இழுப்பு அதிகம். இதைப் பதினான்காம் பக்கத்தில் சிவப்பு மையில் அச்சடித்திருந்தேன்: 'மூன்று மணிக்குள் கட்டாயம் திரும்பிவிட வேண்டும். மூன்றேகாலுக்கு வழி இருக்காது.' அதன் கீழே, 'மூன்று முதல் நாலு பத்து வரை: கரையிலிருந்து நீர் ஏறுவதைப் பார்த்தல். இப்பயணத்தின் உச்சக் காட்சி.' அடுத்த பக்கம் 'நாலு பத்துக்குப் புறப்பாடு' என்று ஆரம்பிக்கும். இதைவிடத் தெளிவாக எப்படி எழுதுவது சார்? ஒருவராவது புரட்டிப் பார்த்திருக்கலாம். அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. நான் போன மாதம் போனபோதே அது குப்புற விழுந்து கிடந்தது. நிமிர்த்தி வைப்பது என் வேலை இல்லை, நட்டவர்களின் வேலை.

இரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமியாருக்கு முட்டிவலி. அவரும் மனைவியும் மேட்டுக்குப் பின்னால் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்கள். மச்சினன் பேண்ட்டை மடித்துவிட்டுக் கொண்டான். வாழ்க்கையில் கடிகாரம் கட்டாதவன் அன்றைக்கு என் மகளுடையதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். "இன்னிக்கு அத்தான் வாயால சபாஷ் வாங்காம விடமாட்டேன், நாலு பத்துன்னா டாண்ணு நாலு பத்து," என்றான். வேன் கதவருகே நின்று நாங்கள் இரண்டு வார்த்தை பேசினோம். அது முக்கியமில்லை. அவன் ஃபைலைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மகளும் அவன் பின்னால் செருப்பைக் கழற்றினாள். அவளைக் கூப்பிட்டு, அம்மாவுக்குத் துணையாக இரு என்று டீக்கடைக்கு அனுப்பினேன். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனாள். போகட்டும். அவள் என் மகள் சார். நான் என்ன மிருகமா?

மூன்றேகாலுக்கு மணல்வழி மறைந்தது. அவன் பாறையின் மறுபக்கம் இருந்தான். மூன்று இருபத்தைந்துக்கு இந்தப் பக்கம் வந்து தண்ணீரைப் பார்த்தான், மணிக்கட்டைப் பார்த்தான், கையை உயர்த்திக் காட்டினான். இன்னும் நேரமிருக்கிறதே என்று கேட்கிற மாதிரி இருந்தது. நானும் கையை உயர்த்தினேன். மூன்று நாற்பதுக்கு இரண்டு கையாலும் காட்டினான். நான் ஒரு கையால் பதில் சொன்னேன். மரியாதைக்கு அது போதும். ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டீர்கள். பதினெட்டாம் பக்கம், பொது விதி நான்கு: காட்சிமுனைகளில் ஹாரன் அடிக்கக் கூடாது. விதி போட்டவனே மீறினால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்?

மூன்று ஐம்பதுக்கு அவன் இறங்கினான். நீச்சல் தெரியும் அவனுக்கு. குளத்து நீச்சல். உச்சக் காட்சியை அன்று திட்டப்படி பார்த்தது நான் ஒருவன்தான்.

மனைவி மேட்டிலிருந்து இறங்கி வந்து, "என்னங்க, தம்பி எங்க?" என்றாள். "எப்பவும்போல லேட்டு," என்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாறையைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் போட்ட சத்தத்தில் என் அலாரம் தோற்றுப்போயிற்று.

அன்று ராத்திரியே மூவரும் அவரவர் ஃபைலை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைப் படித்துவிட்டார்களாம். மகள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள் என்கிறார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. இதைத்தான் நான் மூன்று மாதமாகச் சொன்னேன்: படியுங்கள், படியுங்கள் என்று. ஊதுகிற சங்கை ஊதிவிட்டேன்.

இப்போது நீங்கள் காட்டுகிற இந்தப் பிரதிக்கு வருவோம். ஆமாம், இதில் பதினான்காம் பக்கம் இல்லை. ஐந்தாம் நாள் காலை விடுதி வாசலில் நான்தான் வளையத்தைத் திறந்து உருவினேன். நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அலை அடித்த இடத்திலும் அது நனையவில்லை. படிக்காதவன் கையில் ஒரு பக்கம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். இதை நான் குற்றமாகக் கருதவில்லை. தாள் விரயம் தவிர்த்தேன் என்று சொல்லலாம்.

பென்சில் குறிகளா? கொடுங்கள், பார்க்கிறேன்.

இது அவன் கையெழுத்துதான். முதல் பக்கத்திலிருந்து பதிமூன்றாம் பக்கம் வரை ஒவ்வொரு வரிக்கும் அந்தந்த நாள் தேதியோடு ஒரு டிக் போட்டிருக்கிறான். மாமியாரின் வாந்திக் குறிப்புக்குப் பக்கத்தில் 'அத்தான் பெரிய ஆளு' என்று எழுதியிருக்கிறான். பின்னிணைப்பில் மூன்று இடத்துக்கு வட்டம் போட்டிருக்கிறான். நாலாவது வரி, சரிவோர டீக்கடை. பதினொன்று, படகுக் கூடம். இருபத்தாறு, கூழாங்கல் கரை. மூன்றும் நான் எழுதியவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரமிருந்தால் என்றுதான் எழுதினேன். பின்னிணைப்பு பார்ப்பதற்காகப் போடுவதில்லை சார், இருக்கிறது என்று காட்டுவதற்காகப் போடுவது. அவனுக்கு அது புரியவில்லை.

படித்த ஒரே ஆள் அவன்தான் என்கிறீர்கள். சரி. அப்படியானால் வாக்குமூலத்தில் ஒரு திருத்தம். 'ஒருவராவது புரட்டிப் பார்த்திருக்கலாம்' என்று நான் சொன்ன இடத்தை அடித்துவிடுங்கள். வேன் கதவருகே பேசிய இரண்டு வார்த்தையும் இருக்கட்டும், அட்டவணை என்றால் முழுதாக இருக்கவேண்டும். நேரம் இரண்டு நாற்பத்து மூன்று. அவன் இந்த ஃபைலைத்தான் கையில் விரித்து வைத்திருந்தான். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தாள்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான்.

"அத்தான், பதிமூணுக்கு அப்புறம் நேரா பதினஞ்சு வருதே, பதினாலாம் பக்கம் எங்க?"

"அதுல ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா வேடிக்கை பாக்கிற பக்கம். நீ நாலு பத்துக்கு வந்தா போதும்."