கானமயிலுக்கு இட்ட முள்

வெயில் காலத்தில் எனக்குச் செருப்பு ஒத்துக்கொள்வதில்லை. வெறுங்கால்தான் பழக்கம். நீங்கள் பூட்ஸ் போட்டிருக்கிறீர்கள், ஐயா. உங்களுக்குப் பொட்டலைப் பற்றிச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நான் சொல்லுகிறபடியே எழுதவேண்டும். எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

தென்காசி ரோட்டில், பாவூர்சத்திரம் வருவதற்கு முன்னால் தெற்கே இறங்கினால் எங்கள் பொட்டல். உடைமரமும் காய்ந்த புல்லும்தான். குற்றாலத்துச் சாரல் அங்கே எட்டாது, காற்று மட்டும் வரும். அங்கே கானமயில் இருப்பதை ராமசேஷன் வாத்தியார் கண்டுபிடித்தார் என்கிறார்கள். பட்டணத்துக் கல்லூரி வாத்தியார், சீசனுக்குக் குளிக்க வந்தவர். பெயர்தான் மயில், தோகை கிடையாது, நெடுங்கழுத்தோடு தரையில் நடக்கிற பெரிய பறவை. அதை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்பதைத்தான் அவர் கண்டுபிடித்தார்.

ஆனால் அவர் ஒன்று சொன்னார். இந்தச் சீமையில் நாலோ ஐந்தோதான் மிச்சம். வருஷத்துக்கு ஒரே முட்டை, அதையும் வெறுந்தரையில் இடும். பார்த்துக்கொள் ஆவுடையப்பா என்றார். அதுவரை என்னிடம் யாரும் எதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்லை.

போன வருஷத்து முட்டையைச் செல்லச்சாமியின் ஆடு மிதித்தது. செல்லச்சாமி பக்கத்து ஊரிலிருந்து வெள்ளாடு பத்திக்கொண்டு வருகிறவன். முப்பது வயசிருக்கும், வாய் கொஞ்சம் நீளம். நான் ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று சிரித்தான்.

“கோழிக்குக் காவல் இருந்தாலும் கொழம்புக்கு ஒரு முட்டை கெடைக்கும், அண்ணாச்சி. நீரு எதுக்கு இங்கன கெடந்து காயுதீரு?”

எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம், அறுபத்திரண்டு ஆனி மாசம், மறுபடியும் ஒரு முட்டை. இந்தத் தடவை வேலி போடாமல் விடக்கூடாது என்று நினைத்தேன். பொட்டலில் பாழுங்கிணறுகள் உண்டு. கட்டுச்சுவர் கிடையாது. புல் மூடிக் கிடக்கும். அதனால் ஆடு மேய்க்கிறவர்கள் சித்திரை தோறும் உடைமுள் வெட்டிக் கிணற்றைச் சுற்றி வளையமாகப் போடுவார்கள். முள் வளையம் இருந்தால் உள்ளே கிணறு. இல்லாத இடம் தரை. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வளையத்தைக் கண்டால் ஆட்டை விலக்கி வேறு பக்கமாகப் பத்துவார்கள்.

முட்டைக்கு நூறடி தள்ளி ஒரு பாழுங்கிணறு. அதன் முள்ளை எடுத்து முட்டையைச் சுற்றிப் போட்டேன். புது முள் வெட்டியிருக்கலாமே என்கிறீர்கள். வெட்டினால் சத்தம் வரும். பறவை மிரளும். வெட்டிய முள் தயாராக இருக்கிறபோது எதற்கு மரத்தை வெட்டவேண்டும்?

நாலாம் நாள் காலையில் செல்லச்சாமி வந்தான். நான் உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அவன் முள் வளையத்தைப் பார்த்து ஆட்டை ஒதுக்கினான். கிணற்றுப் பக்கமாக ஒதுக்கினான். ஆடுகள் விளிம்பிலேயே மிரண்டு பிரிந்தன. அவன் அண்ணாந்து ஏதோ பாடிக்கொண்டே நேராக நடந்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பறவை எழும். அடையை விட்டு எழுந்தால் அந்த வெயிலில் முட்டை என்னத்துக்கு ஆகும்?

அவன் சாகவில்லை. தண்ணீர் இல்லாத கிணறு, நாலு ஆள் ஆழம். எட்டிப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, கால் ஒடிஞ்சு போச்சு. ஊருக்குள்ள போயி கயிறும் நாலு ஆளும் கூட்டிட்டு வாரும்.”

நாலு ஆள் வந்தால் எட்டுக் கால். நான் நிதானமாகச் சொன்னேன்.

“சத்தம் போடாத லே. பறவை அடையில இருக்கு. இன்னும் ஒரு வாரம்.”

விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

முதல் நாள் கலயத்தில் தண்ணீர் இறக்கினேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. ஆனால் தண்ணீர் குடித்ததும் அவனுக்குக் குரல் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததிலிருந்து கத்தினான். அதனால் தண்ணீரை நிறுத்தினேன்.

அன்று மத்தியானம் அவன் பெண்டாட்டி உலகம்மாள் தேடி வந்தாள். ஆடுகள் மட்டும் வீடு திரும்பியிருந்தன. அந்த நேரம் அவன் மயங்கிக் கிடந்தான் போலிருக்கிறது, சத்தம் இல்லை. அவள் முட்டையைச் சுற்றிக் கிடந்த முள் வளையத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அந்தக் கெணத்துல எட்டிப் பாக்கட்டுமா, அண்ணாச்சி? மனசு கெடந்து அடிக்குது.”

“முள்ளு கலையாம கெடக்கே, தாயி. முள்ளத் தாண்டியா ஒருத்தன் விழுவான்?”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. செங்கோட்டைப் பக்கம் மலையாளத்து ஆட்டு வியாபாரியோடு அவனைப் பார்த்ததாகச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். அவள் கும்பிட்டது மட்டும் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலத்தோடு கிணறு அடங்கியது.

அடுத்த வாரம் வாத்தியார் வந்தார். குஞ்சைக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன். வளையத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“யாருய்யா முள்ளைப் போட்டது? இது நாலு பக்கமும் வெட்டவெளியா இருந்தாத்தான் உட்காரும். வேலிக்குள்ள அது காலே வைக்காது.”

முட்டையை எடுத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் போலத் தளும்பியது. கெட்டுப்போய்ப் பல நாள் ஆகிறது என்றார். முள் எங்கே கிடைத்தது என்று கேட்டார். கையைக் காட்டினேன். போய் எட்டிப் பார்த்தவர் அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். படித்தவர்களுக்கு நெஞ்சுரம் கிடையாது.

ஆமாம், செல்லச்சாமியைக் கொன்றது நான்தான். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் வீணாகக் கொன்றேன் என்று நீங்கள் எழுதக்கூடாது. முள் போட்ட அன்றைக்கு எழுந்து போன பறவை, அதற்கப்புறம் ஒரு நாளாவது திரும்பி வந்து அடையில் உட்கார்ந்ததா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை என்பதற்காக, வரவில்லை என்று ஆகிவிடுமா, ஐயா?