நேற்றும் செத்த நடிகை

ஷார்ஜா தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன்சீட்டு இளைஞர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“நேத்தும் அந்தம்மா செத்துட்டாங்கண்ணே.”

“எந்தம்மா?”

“அதான், அந்த அமெரிக்க நடிகை. தமிழ் டப்பிங்ல அஞ்சு படம் பாத்தோம், அஞ்சுலயும் சாவு. ரூம்ல சமையல் முறை முருகேசனுக்கு. அழுதுகிட்டே சாம்பார்ல உப்பு போட மறந்துட்டான்.”

“அப்ப வேற ஆளைப் பாருங்கடா!”

“கேளுங்கண்ணே. சினிமாவுக்கு முன்னாடி மேடை நாடகம்தானாம். வயசானப்புறம் திரும்ப அங்கயே போயிட்டாங்க. நேத்து பாத்தது அப்படி ஒரு நாடகத்தோட வீடியோ. அதுலயும் செத்தாங்க. ஆனா முடிஞ்சதும் எந்திரிச்சு வந்து எல்லாரையும் கும்பிட்டாங்க! ரூமே கைதட்டுச்சு.”

அண்ணன் மடியில் இருந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினார்.

“எந்திரிக்காம என்ன பண்ணுவாங்க? மறுநாள் டூட்டி இருக்குல்ல.”