பழைய நாத்தனா முடிச்சு

என்னப்பா, பொண்ணும் மாப்பிள்ளையும் உக்காந்திருக்க, தாலி கட்டாம எதுக்குக் காத்திருக்கோம்னு கேக்குறியா? சொல்றேன், கேளு.

நம்ம நெடுங்கண்மாய்க்கு இன்னும் மடை கட்டாத காலம். ஒச்சம்மா ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் அடி தாங்காம வந்துட்டா. பஞ்சாயத்துல தீர்த்தும் விட்டாக. பழைய தாலியை அறுத்துட்டு மறுதாலி கட்டுற, அறுத்துக் கட்டுற சனந்தான் நாம, இல்லைங்கல. ஆனா ஊரு வாயி சும்மா இருக்குமா? "ஒருத்தன்கூட வாழத் தெரியாதவ இன்னொருத்தன்கூட வாழ்ந்துருவாளாக்கும்"னு பேசுனாகளாம்.

மொதப் புருசன் வேற பஞ்சாயத்துல மல்லுக்கு நின்னான். "மறு கல்யாணத்துக்குக் குறிச்ச நாளு பொழுது விழுகுறதுக்குள்ள மூணு முடிச்சும் விழுகணும். இல்லைன்னா என் வீட்டுக்கே திரும்பிறணும்." பெரிய மனுசங்களும் தலையாட்டுனாக. அத்தனையும் ஆம்பளைங்கதான!

அந்த நாளும் வந்துச்சு. மாப்பிள்ளை செவந்தியப்பன் தாலியோட நிக்கிறான். மொத முடிச்சு அவன் போடுவான், மத்த ரெண்டும் நாத்தனா போடணும். அவன் அக்கா கையைக் கட்டிக்கிட்டா. "அறுத்தவ கழுத்துல முடிச்சுப் போட்டா என் தாலிக்கு ஆகாது. மாட்டேன்." பந்தல்ல இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரையும் கேட்டாக. ஒருத்தியும் வரல. பொழுது இறங்குது. "ஆத்தாடி, திரும்ப அந்த வீடா? அதுக்குக் கண்மாயில விழுந்துருவேன்"னு ஒச்சம்மா அழுதாளாம்.

அந்நேரம் கரை மேல ஒருத்தி ஓடியாறா. யாரு? மொதப் புருசனோட தங்கச்சி இருளாயி! "இழுத்துட்டுப் போக வந்துட்டா"ன்னு எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாக. ஒச்சம்மா பந்தக்காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

இருளாயி மூச்சு வாங்க நின்னா. "மதினி, பயப்படாத. எங்கண்ணன் தாலிக்கு முடிச்சுப் போட்டவ நாந்தான். நீ பட்டதெல்லாம் கண்ணால பாத்தவளும் நாந்தான். இதையும் நானே போடுறேன், குனி."

செவந்தியப்பன் ஒண்ணு போட்டான். இருளாயி ரெண்டு போட்டா. கண்மாய்த் தண்ணியில இன்னும் வெளிச்சம் கிடந்துச்சாம். அந்த நாள்ல இருந்து அண்ணன் வாசலை இருளாயி மிதிக்கல. பொறந்த வீட்டுச் சீரும் போச்சு. அவளோட கொள்ளுப்பேரன்தான் நான்.

இன்னைக்கும் அறுத்துக் கட்டுற கல்யாணத்துக்கு மொத வெத்தலை பாக்கு பழைய நாத்தனாவுக்குத்தான். அவ வந்து முடிச்சுப் போட்டுட்டா ஊரு வாயைத் திறக்காது. வரலைன்னா? அதை ஏன் கேக்குற! அந்தப் பொண்ணைப் பாரு, சேலை நுனியைத் திருகிக்கிட்டே இருக்கு. அதோட பழைய நாத்தனா வருவாளான்னு நானும் கரையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

அந்தா! கரை மேல யாரோ வாராக. எந்திரிப்பா, வழியை விடு.