ஆறாம் தொட்டியில் பன்னிரண்டு நண்டு

— “மார்ச் பதினேழு, ஆறாம் தொட்டி, காலை ஏழு மணி. வைத்த நண்டு ஒன்று. மிச்சம் இல்லை.” இது உங்க கையெழுத்துதானே அண்ணே?

— ஆமா மேடம். தொட்டி பாக்குறவன் நான்தானே, வேற யாரு எழுதுவா?

— பன்னிரண்டு நாளும் இதே வரி.

— பன்னிரண்டு நாளும் தின்னுச்சு மேடம்.

— கண்ணால பாத்தீங்களா?

— சாயங்காலம் வச்சேன், காலையில இல்ல. இதுல பாக்க என்ன...

— ஓடு எங்க? ஆக்டோபஸ் நண்டைத் தின்னா ஓட்டை வெளிய தள்ளும்.

— கூட்டிட்டேன்.

— குப்பைக்கூடையில ஒரு கால்கூட இல்லையே.

— குப்பைக்கூடையவா நீங்க...

— கிளறிட்டேன். மேல சொல்லுங்க.

— படிச்சவங்க செய்யுற வேலையா மேடம் இது?

— அண்ணே, முட்டை போட்ட ஆக்டோபஸ் சாப்பிடாது. குஞ்சு பொரியுற வரைக்கும் பட்டினியா காவல் காத்துட்டு, செத்துப்போகும். கண்ணுக்குப் பின்னாடி இருக்குற ஒரு சுரப்பி அதை அப்படி ஆட்டிவைக்குது.

— அதை எடுத்துட்டா முட்டைய அம்போன்னு விட்டுட்டுத் திங்கக் கிளம்பிரும். இருபது வருஷமா இங்கதானே குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே நீங்க ஆபரேஷன் பண்ணீங்க.

— ...ம்.

— பண்ணீங்க, தின்னுச்சு. சந்தோஷப்படுவீங்கனு பாத்தா, போலீஸ் மாதிரி துருவுறீங்க.

— முட்டையை விட்டு நகந்துச்சா?

— ஒரு விரக்கடை நகரல.

— நகராமலே நண்டு வாய்க்குள்ள போகுதா?

— கை எட்டு இருக்கே மேடம்.

— மெலிஞ்சு தெரியுது.

— உடம்பு வாகு. என் மச்சான்கூட அப்படித்தான். எவ்வளவு தின்னாலும் ஒட்டாது.

— கேமராவுல ஒண்ணும் தெரியல. ஒரே பச்சை.

— பாசி மேடம்.

— தொட்டி கழுவுறது நீங்க.

— ...வேலை ஜாஸ்தி.

— பதினோரு மணிக்கு டைரக்டர் வர்றார். “ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடுகிறது”னு அறிக்கை எழுதி வச்சிருக்கேன். இன்னும் கையெழுத்துப் போடல. கடைசியா கேக்குறேன். தின்னுச்சா?

— தின்னலைனா?

— தெரியாதா? கதவுல அவரே ஒட்டியிருக்காரே.

— “பத்து நாளில் சாப்பிடாவிட்டால் மூளையை அறுத்துப் பார்க்கவும்.” தினமும் அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வர்றேன்.

— அதனால?

— முட்டைக்குள்ள குஞ்சுங்களுக்குக் கண்ணு தெரியுது மேடம். கறுப்பா, ரெண்டு ரெண்டு புள்ளி. இன்னும் ஒரு வாரம்தான்...

— நண்டு எங்கண்ணே?

— பம்பு ரூம்ல, பழைய தொட்டியில. பன்னிரண்டும் சௌக்கியம். ஒண்ணு ஓடுகூடக் கழட்டியிருக்கு.

— ஒண்ணைக்கூடத் தின்னல.

— கிட்ட போனதைத் தள்ளி விட்டுச்சு. உங்க ஆராய்ச்சியில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன் மேடம்.

— விடுங்க.

— நான் பொய் எழுதுறேன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?

— மொத நாளே. நான் அந்தச் சுரப்பியை எடுக்கல அண்ணே. கத்தியை வச்சேன், கை வரல. தோலை மட்டும் கீறித் தச்சுட்டேன். டைரக்டர் வந்ததும் சொல்லிடுறேன். அறுத்துப் பாக்க அதுல ஒண்ணும் இல்ல.